மெதக்: கோபுரமும் பதிவேடும்

2022 செப்டம்பரில்தான் மெதக்குக்கு ரயில் வந்தது. அக்கன்னபேட்டையிலிருந்து பிரியும் 17 கிலோமீட்டர் கிளைப்பாதை அது. ஹைதராபாத்துக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரை, 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிஜாம் ராஜ்யத்தில் போடப்பட்ட கோதாவரிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை தொடாமல் போய்விட்டது. ரயிலில் வந்தவர்கள் இடையிலேயே இறங்கி, மீதி வழியை மாட்டு வண்டியிலோ குதிரையிலோ நடந்தோ கடந்தார்கள். இத்தனை ஒதுங்கிய இடத்தில்தான் 200 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள ஒரு தேவாலயம் எழுந்தது. அதன் மணிக்கோபுரம் 175 அடி. உள்ளே 5,000 பேர் ஒரே நேரத்தில் நின்று ஆராதிக்கலாம். மெதக் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது இந்தக் கோபுரம்தான். அதை நிரப்பிய மக்கள் யார், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், இன்று எங்கே இருக்கிறார்கள் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

இந்தச் சபையின் தொடக்கத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. செகந்திராபாத் பாசறை மதராஸ் படையின் இருப்பிடம். படையோடு போன சிப்பாய்களும் பணியாட்களும் வியாபாரிகளுமாகத் தமிழர் பலர் அங்கே குடியிருந்தார்கள். லண்டனிலிருந்து இயங்கிய வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் 1880ஐ ஒட்டி வில்லியம் பர்கஸ் என்பவரைக் கொண்டு நிஜாம் ராஜ்யத்தில் வேலை தொடங்கியபோது அந்தப் பாசறை ஊரில்தான் கால் ஊன்றியது. கிராமங்களுக்குப் போனது பிறகுதான். 1895ல் வந்த சார்லஸ் வாக்கர் போஸ்னெட் நகரத்தில் தங்க விரும்பாமல், ஓரிரு ஆண்டுகளில் மெதக்குக்குப் போனார். அடுத்த நாற்பது ஆண்டுகள் அவருடைய வாழ்க்கை அங்கேயே கழிந்தது. அவருடைய சகோதரி எமிலி போஸ்னெட்டும் சாரா ஹாரிஸ் என்ற அம்மையாரும் பெண்களுக்கான பணியை எடுத்துக்கொண்டார்கள். மருந்து கொடுப்பதும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அதில் அடக்கம்.

அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் ஊருக்குள் இருந்தவர்கள் அல்லர். தெலங்கானா கிராமம் ஒவ்வொன்றிலும் ஊரை விட்டுத் தள்ளி மாலர்களுக்கு ஒரு வாடா, மாதிகர்களுக்கு ஒரு வாடா இருந்தது. நம் பக்கத்தில் சேரி என்பதையே அங்கே வாடா என்பார்கள். மாலர்கள் கூலி வேலையும் ஊர்க்காவலும் நெசவும் பார்த்தார்கள். மாதிகர்கள் செத்த மாட்டைத் தூக்கி, தோலைப் பதப்படுத்தி, செருப்பும் ஏற்றப்பறியும் தைத்துக் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் பொதுவானது வெட்டி வேலை. நிலக்கிழாரான தேஷ்முக்கோ ஊர்த்தலைவரான பட்டேலோ கூப்பிட்டால் கூலியில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

மெதடிஸ்ட் இயக்கம் இங்கிலாந்தில் தனி மனிதனின் மனமாற்றத்தை வைத்து எழுந்த இயக்கம். ஜான் வெஸ்லி தம் மக்களைச் சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் ஆத்துமாவின் நிலையை வாரந்தோறும் சொல்லும்படி செய்தார். தெலங்கானாவில் நடந்தது அப்படி அல்ல. வாடாவின் பெரியவர்கள் இரவுகளில் கூடிப் பேசினார்கள். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களிடம் விசாரித்தார்கள். பிறகு இருபது வீடும் முப்பது வீடும் ஒன்றாக ஞானஸ்நானத்துக்கு வந்தன. ஒருவன் தனியாக வந்திருந்தால் அவனுக்குப் பெண் கொடுக்க ஆள் இருந்திருக்காது, செத்தால் தூக்க ஆள் இருந்திருக்காது. சேர்ந்து வந்ததால்தான் அவர்களால் வர முடிந்தது, நிற்கவும் முடிந்தது. இதை அரைகுறை மனமாற்றம் என்று குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வாழ்க்கையில் எதையும் தானாக முடிவு செய்யும் உரிமையே இல்லாத ஒரு கூட்டம், கூடி உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்ததே பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

அன்றைய கிராமச் சபைக்குக் கட்டடம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. இருந்த இடங்களில் மண் சுவரும் கூரையுமாக ஓர் அறை. அதுவே பகலில் பள்ளிக்கூடம், இரவில் ஜெபக்கூடம். ஞாயிற்றுக்கிழமை என்று நிலக்காரன் விடுமுறை தரமாட்டான் என்பதால் ஆராதனை இரவில், வயல் வேலை முடிந்து கூழ் குடித்த பிறகு நடக்கும். ஓர் அரிக்கேன் விளக்கு, நடுவில் உபதேசியார், சுற்றிலும் தரையில் மக்கள். கையில் புத்தகம் வைத்திருப்பவர் உபதேசியார் ஒருவர்தான். 1901ல் நிஜாம் ராஜ்யத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் போல. வாடாக்களில் அந்த மூன்றும் இல்லை. ஆகவே பரமண்டல ஜெபமும் பத்துக் கட்டளைகளும் வேதக் கதைகளும் வாயால் சொல்லி, செவியால் கேட்டு, மனப்பாடமாக நின்றன. புருஷோத்தம சௌதரியைப் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிகள் கட்டிய கீர்த்தனைகள் புத்தகத்திலிருந்து நாவுக்கு வந்து, நாவிலிருந்து நாவுக்குப் போயின. நடவிலும் களையெடுப்பிலும் அவற்றைப் பாடினார்கள்.

உபதேசியாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சபையின் வளர்ச்சி என்று பேசுகிறபோது மிஷனரிகளின் பெயர்கள் வருகின்றன, பேராயர்களின் பெயர்கள் வருகின்றன. ஊர் ஊராகக் குடியிருந்தவர் உபதேசியார்தான். அவரும் பெரும்பாலும் வேறொரு வாடாவில் பிறந்தவரே. மெதக்கில் மிஷன் காம்பவுண்டில் மனைவியோடு வந்து தங்கிப் பயிற்சி பெற்றவர். போஸ்னெட் வைத்த முறையில் அது ஒரு முக்கியமான அம்சம்: கணவனுக்கு மட்டும் பாடம் இல்லை, மனைவிக்கும் உண்டு. வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச, பிள்ளைப்பேற்றில் உதவ, சுத்தம் சொல்லிக்கொடுக்க அந்த அம்மாள் வேண்டும். உபதேசியார் பள்ளி நடத்தினார், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார், தாசில் கச்சேரிக்கு மனு எழுதினார், வழக்குத் தீர்த்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். ஒருவர் பொறுப்பில் பல ஊர்கள். குருப்பட்டம் பெற்ற போதகர் வட்டம் சுற்றிக்கொண்டு எப்போதோ வருவார். அவர் வந்தால்தான் திருவிருந்து. வட்டம் சுற்றுவது மெதடிஸ்ட்களின் பழைய வழக்கம். வெஸ்லி குதிரையில் இங்கிலாந்தைச் சுற்றினார், இவர்கள் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் தெலங்கானாவைச் சுற்றினார்கள்.

காணிக்கை பணமாக வருவது அரிது. கூலியே தானியமாகக் கிடைத்த காலம். அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியோ சோளமோ தனியே எடுத்து வைப்பார்கள். அறுவடை முடிந்தால் அறுப்பின் பண்டிகை. கோழி, முட்டை, பூசணி, துவரை எல்லாம் முன்னால் வந்து குவியும். பிறகு மெதக்கில் பெரிய கூடுகை. வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோறோடு குடும்பம் குடும்பமாகப் போய் மரத்தடிகளில் தங்கினார்கள். அதைத் திருவிழா என்றே சொன்னார்கள். ஊரில் சாமி தேர் வரும்போது தூரத்தில் நின்ற மக்கள் அவர்கள். தாங்களே நடுவில் நிற்கும் திருவிழா ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது.

தேவாலயக் கட்டுமானம் 1914ல் தொடங்கியது. பஞ்சமும் பசியுமான ஆண்டுகள். சும்மா கொடுத்தால் வாங்குகிறவன் தலை குனிவான் என்று, வேலை கொடுத்துக் கூலியாகத் தானியம் அளந்தார்கள் என்பதைத்தான் மெதக்கில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கல் உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் சுற்று வட்டார மக்கள்தான். முதல் உலகப் போர் நடுவில் வந்து போனது. பத்து ஆண்டுகள் இழுத்து, 1924 டிசம்பர் 25 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. செலவு 14 லட்சம் ரூபாய் என்பார்கள். பிரான்க் சாலிஸ்பரி வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் மூன்று, 1927, 1947, 1958 என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பலிபீடத்துக்குப் பின்னால் பரமேறுதல், இரண்டு பக்கச் சிறகுகளில் பிறப்பும் சிலுவைப்பாடும். வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த கண்ணாடி. உள்ளே நின்று பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் படம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத சபைக்கு அது வேதப் புத்தகமாகவே இருந்திருக்கும்.

இங்கிலாந்தின் மெதடிஸ்ட் சபையில் பேராயர் கிடையாது. ஆகவே அந்தக் கட்டடம் எழுந்தபோது அது பெரிய கோவில், அவ்வளவுதான். 1947 செப்டம்பர் 27 அன்று மதராஸ் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. பிரான்க் விட்டேக்கர் மெதக்கின் முதல் பேராயரானார். ஒரு செங்கல்லும் மாறாமல் கோவில் பேராலயமாயிற்று, மெதடிஸ்ட் என்ற பெயர் பலகையிலிருந்து போயிற்று. நிஜாம் ராஜ்யத்தின் மற்றொரு பக்கத்தில், பீதர், விக்காராபாத் வட்டாரத்தில் வேலை செய்த அமெரிக்க மெதடிஸ்ட்கள் இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. அவர்கள் 1981ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற தன்னாட்சி அமைப்பானார்கள். ஆகவே ஒரே மாநிலத்தில் ஒரு சாரார் மெதடிஸ்ட் என்ற பெயரோடும், மற்றொரு சாரார் அந்தப் பெயர் இல்லாமல் அதன் பழக்கங்களோடும் வாழ்கிறார்கள். மெதக்கில் பெயர் போனதைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. கூடிப் பாடுவது, குருப்பட்டம் இல்லாதவர்களும் பிரசங்கிப்பது, சபையின் கணக்கைச் சபையாரே பார்ப்பது ஆகியவை பெயர் போன பிறகும் நின்றன.

முதல் இரண்டு பேராயர்களும் ஆங்கிலேயர்கள். அடுத்து வந்த எச்.டி.எல். ஆபிரகாமிலிருந்து இந்தியர்கள். மெதக்கின் பேராயர்களாக இருந்த விக்டர் பிரேம்சாகரும் சுகந்தரும் தென்னிந்தியத் திருச்சபை முழுவதற்கும் தலைமைப் பேராயர்களாக இருந்தார்கள். 1978ல் கரீம்நகர் தனிப் பேராயமாகப் பிரிந்தது. ஒரு வாடாவின் பிள்ளை பேராயரின் நாற்காலி வரை போக முடிந்தது என்பது போஸ்னெட் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத ஒன்று. ஆனால் பேராயத்தின் பெயர் மெதக் என்று இருக்க, அதன் அலுவலகம் செகந்திராபாத்தில் இருக்கிறது. போஸ்னெட் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போனார். நிர்வாகம் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டது. பணமுள்ள சபைகளும் ஆங்கில ஆராதனையும் அங்கேதான். படித்த போதகர் நகரச் சேகரத்துக்கு மாற்றல் கேட்பது இயல்பு. ஆனால் கிராமத்துக்கு அதன் விளைவு என்ன என்பதை யோசித்தாக வேண்டும்.

நடுக்காலத்தின் படம் ஒன்று நல்ல வேளையாக நம்மிடம் இருக்கிறது. 1959ல் பி.ஒய். லூக்கும் ஜான் கார்மனும் மெதக் பேராயத்தின் வாடியாரம் சேகரத்தில், ஜங்கராய் சுற்றியுள்ள கிராமங்களில் தங்கி ஓர் ஆய்வு செய்தார்கள். 1968ல் அது புத்தகமாக வந்தது. கிராமக் கிறிஸ்தவர்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகவும் மரியாதையாகவும் எழுதப்பட்ட நூல்கள் குறைவு. அவர்கள் கண்டது மிஷன் அறிக்கைகளில் வரும் ஒழுங்கான சபை அல்ல. அம்மை வந்தால் ஊர்த் தெய்வமான போச்சம்மாவுக்குப் படைத்தவர்கள் உண்டு. ஊர்ப் பண்டிகைகளில் வேலையாகவும் வழக்கமாகவும் பங்கெடுத்தவர்கள் உண்டு. இயேசுவை நம்பினார்கள், ஊர்த் தெய்வத்துக்கும் பயந்தார்கள். ஊரில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தார்கள். இரு ஆய்வாளர்களும் இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. எழுத்தறிவில்லாத, நிலமில்லாத, ஊரின் தயவில் வாழும் ஒரு கூட்டத்தின் விசுவாசம் எப்படி இருக்குமோ அப்படி இருந்ததை எழுதினார்கள்.

அந்த வாடாக்களுக்கு இன்று போகிறவர் வேறொரு சபையைக் காண்பார். மண் சுவர்கள் போய்க் கான்கிரீட் கூரை வந்திருக்கிறது. முகப்பில் சிலுவை, மேலே ஒலிபெருக்கி, உள்ளே கீபோர்டும் மின்விசிறியும். ஆராதனை ஞாயிறு காலையில். போதகர் மோட்டார் சைக்கிளில் வருகிறார், ஒரே காலையில் மூன்று ஊர் பார்க்கிறார். 2011 கணக்குப்படி தெலங்கானாவில் எழுத்தறிவு 66 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பெண்கள் கைப்பேசியில் வசனத்தைத் தேடி எடுத்து வாசிக்கிறார்கள். ஊருக்குள் பெரிய வீட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு ஊழியர்கள். நிஜாமாபாத், கரீம்நகர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கோவில்களும் உண்டு. பிடி அரிசி எடுத்து வைத்த இடத்தில் இன்று க்யூஆர் அட்டை இருக்கிறது.

பெண்களின் இடம் மாறியதைத் தனியே குறிப்பிட வேண்டும். அன்று பெண்களிடையே வேதம் சொல்லிவந்த வேதாகம ஸ்திரீ எவ்வளவு உழைத்தாலும் திருவிருந்து மேசைக்குப் பின்னால் நிற்க முடியாது. தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013ல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா பேராயரானார். திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர்தான். சபையின் பெரும்பகுதி வேலையைத் தொடக்கம் முதலே பெண்கள்தான் செய்துவந்தார்கள், அதற்கான பட்டம் மட்டும் பிந்தி வந்திருக்கிறது.

இழந்தது என்று எதைச் சொல்வது? உபதேசியாரைத்தான். ஊரிலேயே குடியிருந்து, இரவிலும் கதவைத் தட்டினால் எழுந்து வந்த அந்த மனிதரின் வேலை இன்று பலருக்குப் பங்காகிவிட்டது. பாடத்துக்கு அரசுப் பள்ளி, காய்ச்சலுக்கு ஆரம்பச் சுகாதார நிலையம், மனு எழுத அரசின் மீசேவா மையம். இவை எல்லாம் வந்தது நல்லதே. ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நாளின் வருத்தத்தைச் சொல்லி முடிக்கும் இடம் போய்விட்டது. மனப்பாடமும் போய்விட்டது. புத்தகமும் கைப்பேசியும் இல்லாமல் முழுக் கீர்த்தனையையும் பாடுகிறவர்கள் இன்று பாட்டிமார்கள் மட்டுமே. அந்த வெற்றிடத்தில்தான் சுயாதீன பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்திருக்கின்றன. அந்தப் போதகர் அதே தெருவில் குடியிருக்கிறார், நோயாளியின் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பழைய சபையார் அவர்களைப் போட்டியாகப் பார்க்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் உபதேசியார் செய்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

சாதியும் முழுதாகப் போகவில்லை. மாலரும் மாதிகரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க நெடுங்காலம் பிடித்தது. இன்று உட்காருகிறார்கள். ஆனால் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்னும் பெரும்பாலும் தங்கள் வாடாவைத் தாண்டுவதில்லை. இதைச் சபை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதே பிந்தித்தான்.

மெதடிஸ்ட்கள் இந்த மண்ணில் செய்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது கோபுரம் அல்ல, நிஜாமாபாத் அருகே டிச்பள்ளியில் 1915ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை. டாக்டர் இசபெல் கெர்ரும் அவர் கணவர் ஜார்ஜ் கெர்ரும் தொடங்கியது. நரச கௌடு என்ற உள்ளூர்ச் செல்வந்தர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அன்றைய மருந்து நீரடிமுத்து வகை எண்ணெய். ஊசியாக ஏற்றுவார்கள், வலிக்கும், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும். நோயாளிகள் குடும்பத்தை விட்டு அங்கேயே வாழ்ந்தார்கள், பயிரிட்டார்கள், பாடினார்கள். இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதத்தில் முடிகிறது, நோயாளி வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடலாம். 2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நிலைக்கு வந்தது. நோய் முற்றாகப் போகவில்லை என்றாலும், தொழுநோய்க்குத் தனி ஊர் தேவையில்லாத காலம் வந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தேவை குறைந்தது அதன் தோல்வி ஆகாது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒரு சபை வளர்ந்ததா தேய்ந்ததா என்று பார்க்க மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுவோம். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 1971ல் கிறிஸ்தவர்கள் 4.19 விழுக்காடு. 1981ல் 2.68. 1991ல் 1.83. 2001ல் 1.55. 2011ல் 1.34. விழுக்காடு மட்டும் அல்ல, தலைக்கணக்கும் குறைந்தது: 18 லட்சத்துக்கு மேல் இருந்தது 11 லட்சத்துச் சொச்சமாயிற்று. அதே நாற்பது ஆண்டுகளில் மாநில மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. இது கடலோரத்தையும் சேர்த்த கணக்கு, மெதக்கினுடையது மட்டும் அல்ல. இருந்தாலும் கோவில்கள் நிரம்பி வழிய, புதிய கூடங்கள் எழ, கணக்கில் மட்டும் ஆட்கள் காணாமல் போவது எப்படி?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, பட்டியல் சாதியினர் இந்துக்களாக இருக்க வேண்டும் என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. ஒன்றுபட்ட ஆந்திராவில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு 15 விழுக்காடு. கிறிஸ்தவராக மாறிய அதே மக்களுக்கு, பிற்படுத்தப்பட்டோர் சி பிரிவில் 1 விழுக்காடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் பட்டியல் சாதிச் சான்றோடு கட்டுண்டது. சாதி அவர்களை விட்டுப் போகவில்லை, சான்றிதழ் மட்டும் போய்விடும். 1959ல் லூக்கும் கார்மனும் பார்த்த இரண்டு பெயர்கள், பயத்தாலும் பழக்கத்தாலும் வந்தவை. இன்றைய இரண்டு பெயர்கள் ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்துக்காக, ஒரு வேலைக்காக வந்தவை. அன்று ஊர் முன்னால் கிறிஸ்தவன் என்று சொல்லத் துணிந்த கூட்டம், இன்று அரசாங்கத் தாளில் அதைச் சொல்ல முடியாமல் இருக்கிறது.

அவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று குற்றம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. உண்மை சொன்னால் பிள்ளையின் படிப்புப் போகும் என்ற நிலையை ஏற்படுத்தியவர்கள் அவர்கள் அல்லர். மத அடிப்படையை நீக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் சொன்னது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மேலும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. வாடாவின் மக்கள் இதற்கிடையில் மூன்று தலைமுறையைக் கடந்துவிட்டார்கள்.

2024 டிசம்பர் 25 அன்று மெதக் பேராலயத்துக்கு நூறு வயது. மாநில முதல்வரே விழாவுக்கு வந்தார். விடியுமுன் தொடங்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அந்தக் காலத்தில் வண்டி கட்டி வந்தார்கள். இன்று சிறப்புப் பேருந்துகளிலும் கார்களிலும் வருகிறார்கள். வருகிறவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு, நேர்த்திக்கடனோடு வருகிறவர்களும் உண்டு. ஊருக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட மக்கள் கட்டிய கோவிலின் வாசலில் இன்று ஊர் முழுவதும் வரிசையில் நிற்கிறது. இதைவிடப் பெரிய மாற்றம் அந்த வட்டாரத்தில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், சாளரத்தைப் படம் எடுக்கிறார்கள். கட்டிய கைகள் எந்த வாடாவின் கைகள் என்று எழுதிய பலகை வேண்டும். தெலுங்கிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை இன்னொன்று உண்டு. அரசின் கணக்கு அவர்களை எண்ணவில்லை, மிஷன் வரலாறுகள் அவர்களைப் பெயர் சொல்லி எழுதவில்லை. உபதேசியார்களும் போதகர்களும் தம் கையால் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் மட்டுமே அந்த மக்கள் பெயரோடு இருக்கிறார்கள். யாருடைய மகன், எந்த வாடா, எந்தத் தேதி என்று ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர். அந்தத் தாள்கள் சேகர அலுவலகங்களின் அலமாரிகளில் மழையிலும் கரையானிலும் கிடக்கின்றன. நம் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் திருவள்ளூரிலும் நிலைமை இதுவேதான். உங்கள் சபையில் அப்படி ஒரு பழைய பதிவேடு இருந்தால், அடுத்த மழைக்கு முன் அதை எடுத்து, துடைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.